அன்னையாருடன் மேலை நகர்களில் ஒன்பது நாள்

கல்லூரி விழா மலருக்குப் பயணக் கட்டுரையொன்று வரைந்து தருமாறு மலர்க்குழுவினர் பணித்தபோது யாம் சற்றே தயங்கினோம். மேலை நாட்டுப் பயணம் இக்காலத்தில் அருமையுடைய செய்தி அன்று. முன்னாளில் நம் பழைய மாணவருள் ஒருவர் இங்கிலாந்து சென்று மீண்டாராயின், மண்டபத்திற் கூட்டங் கூட்டி அவர் கண்டவற்றைச் சொல்லக் கேட்பதுண்டு. இன்றோ நம் கல்லூரியிற் பயின்றோர் இலண்டனிலும் பாரிசிலும் ரொறன்ரோவிலும் குடியேறி வாழ்கின்றனர். அந்நகர்களின் வீதிகளே அவர்தம் பிள்ளைகளுக்குப் பிறந்த மண். ஆதலின் கோபுரங்களின் உயரத்தையும் பாலங்களின் நீளத்தையும் எழுதிப் பக்கங்களை நிரப்புதல் எம் நோக்கமன்று. அகவை முதிர்ந்த தாயாரை உடனழைத்துக்கொண்டு செல்லும்போது அதே நகர்கள் வேறொரு முகத்தைக் காட்டுகின்றன. அம்முகத்தைப் பற்றியே ஈண்டுச் சில கூறப் புகுந்தோம்.

எம் ஊர் ஓலைத்தொடுவாய். மன்னார்ப் பட்டினத்துக்கும் தலைமன்னாருக்கும் இடையே, மன்னார்த் தீவின் கடலோரத்தில் பனையும் தென்னையும் வெண்மணலும் உடைய சிற்றூர் அது. எம் பாட்டனார் கருவாட்டு வணிகர். கட்டா, பாரை, சீலா முதலிய மீன்களை உப்பிட்டு உலர்த்திப் புகைவண்டியிற் கொழும்புக்கு அனுப்பியவர். அவர்தம் மகளாராகிய எம் அன்னையார் 1948 ஆம் ஆண்டு பிறந்தவர். ஐந்தாம் வகுப்புக்கு மேற் பள்ளி சென்றவரல்லர். எனினும் எம்மைப் பதினோராம் அகவையில் யாழ்ப்பாணத்துக்கு அனுப்பி, நம் கல்லூரி விடுதியில் இருத்திப் படிப்பித்தவர் அவரே. விடுதிக் கட்டணஞ் செலுத்தும் திங்களில் வீட்டிலிருந்த வெண்கலப் பாத்திரங்களுள் ஒன்று குறையும். அது மீண்டு வருவதும் உண்டு, வாராதொழிவதும் உண்டு.

1980களில் யாம் ஜேர்மனிக்குப் போந்தோம். 1990 இல் போர் தீவைச் சூழ்ந்தபோது அன்னையார் ஊரவருடன் படகேறி இராமேசுவரத்துக்குச் சென்று, மண்டபம் முகாமிற் சில ஆண்டுகள் இருந்து, பின் ஊர் மீண்டார். இரவிற் படகேறிய அவசரத்தில் ஒரு தகரப் பெட்டி கடலில் வீழ்ந்தது. அதனுள்ளேதான் அவருடைய சீதனக் காணியின் உறுதி இருந்தது. காணி என்பது கடற்கரையை அடுத்த இரண்டு ஏக்கர்த் தென்னந்தோட்டம். அண்மைக்காலத்தில் அதனை நல்ல விலைக்கு வாங்குவதற்கு ஒருவர் முன்வந்தார். கனடாவிலுள்ள எம் தம்பியும் இலண்டனிலுள்ள தங்கையும் விற்றுவிடலாம் என்றனர். அவர்கள் கூறிய காரணமும் புறக்கணிக்கத் தக்கதன்று. கடல் ஆண்டுதோறும் கரையைத் தின்று, மூன்று வரிசைத் தென்னைகளை ஏற்கெனவே கொண்டுபோய்விட்டது. அன்னையார் ஆம் என்றும் கூறினாரல்லர், இல்லை என்றும் கூறினாரல்லர். காணி அவருடையதாதலின் யாமும் வற்புறுத்தவில்லை.

இந்நிலையில் 2024 ஆம் ஆண்டு அவர் மூன்று திங்கள் விடுமுறையாக எம்மிடம் வந்தார். ஹம் நகரிலுள்ள காமாட்சி அம்பாள் ஆலயத்துக்கு அழைத்துச் சென்றோம். 2002 இல் குடமுழுக்குக் கண்ட அவ்வாலயத்தின் கோபுரத்தை நெடுநேரம் நோக்கி நின்றார். அதன்பின், வேறு எவ்வூரைக் காண விரும்புகிறீர்கள் என்று வினவினோம். பாரிசு என்பார், உரோமாபுரி என்பார் என எதிர்பார்த்திருந்த எமக்கு அவர் விடுத்த விடை வியப்பளித்தது.

“எங்களை ஆண்ட ஆக்களின்ரை ஊரைக் காட்டு, தம்பி.”

அவ்வாறே பயணம் அமைந்தது. போர்த்துக்கேயரின் லிஸ்பன் நகரில் நான்கு நாள்; ஒல்லாந்தரின் நாட்டில் ஐந்து நாள். இங்கிலாந்துக்கு வேறு விசா வேண்டுமாதலின் மூன்றாவதாக ஆண்டவரை விட்டுவிட்டோம். மன்னார்க் கோட்டையைப் போர்த்துக்கேயர் 1560 இல் கட்டினர். ஒல்லாந்தர் 1658 இற் கைப்பற்றினர். ஆங்கிலேயர் 1795 இற் பெற்றனர். சிறு வயதில் அக்கோட்டை மதிலின்கீழ் நிழலுக்கு ஒதுங்கிய பெண்மணி, தம் 76 ஆம் அகவையில் அதனைக் கட்டியோரின் தலைநகரைக் காணப் புறப்பட்டார்.

லிஸ்பன் குன்றுகளின்மீது அமைந்த நகர். தேசு ஆறு கடலோடு கலக்குமிடத்தில் விரிந்து கிடக்கின்றது. முதல் நாட் காலையில் உணவுச்சாலைப் பெண் ஒருத்தி ரொட்டித் தட்டைக் கொணர்ந்து வைத்து, அதன் பெயரை மூக்கொலியுடன் கூறினாள். ‘பாண்’ என்றே அது அன்னையார் செவியில் வீழ்ந்தது. இவளுக்குத் தமிழ் தெரியுமோ என்றார். அச்சொல் அவர்களிடமிருந்து நம்மிடம் வந்தது என்று கூறி, மேசை, கதிரை, யன்னல், அலுமாரி, சப்பாத்து, துவாய், லேஞ்சி, தாச்சி என ஒவ்வொன்றாய் எண்ணிக் காட்டினோம்.

“அப்ப இவை வரமுந்தி நாங்கள் எதிலை இருந்தனாங்கள்?” என்றார்.

திண்ணையிலும் பாயிலும் என்றோம்.

“அதுவும் நல்லாத்தானே இருந்தது” என்று கூறிப் பாணைத் தேநீரில் தோய்த்து உண்ணலானார்.

அந்நகரின் தாழ்ந்த பகுதியிலுள்ள ஒரு கடையின் முன் அவர் நின்றது நின்றபடியே நின்றுவிட்டார். கொட் என்னும் மீனைப் பிளந்து, உப்பிட்டு, உலர்த்திப் பலகை போல் அடுக்கியிருந்தனர். போர்த்துக்கேயர் விருந்திலும் நத்தார் நாளிலும் விரும்பியுண்ணும் கருவாடு அது. கடைக்காரர் ஒரு துண்டை எடுத்துக் கொடுத்தார். அன்னையார் அதனை வளைத்துப் பார்த்தார், முகர்ந்தார், நகத்தாற் கீறினார். “உப்புத் திறம். ஆனால் வெயில் போதேல்லை” என்பது அவர் தீர்ப்பு. அம்மீன் அவர்தம் கடலிற் பிடிபடுவதன்று, நோர்வே, ஐசுலாந்து முதலிய வடகடல்களிலிருந்து வருவது என்று விளக்கினோம். அவர் வியந்தார். தங்கள் கடலில் இல்லாத மீனைக் கொண்டு தங்களுக்கென ஓர் உணவையும் பெயரையும் ஆக்கிக்கொண்டவர்கள், தங்களுக்கு வேண்டிய முத்தைத் தேடி எங்கள் கடலுக்கு வந்ததில் அதிசயம் என்ன என்றார். வரலாற்று நூல்கள் பல பக்கங்களிற் கூறுவதனைக் கருவாட்டுக் கடையின் முன் நின்று ஒரே மூச்சிற் கூறி முடித்தார்.

எம் அயல்வீட்டு அம்மையார் கத்தோலிக்கர். அந்தோனியாருக்கு ஒரு மெழுகுதிரி ஏற்றி வருமாறு அன்னையாரிடம் வேண்டியிருந்தார். அந்தோனியாரைப் பதுவைப் பதியர் என்பர். எனினும் அவர் பிறந்தது லிஸ்பன் நகரிலே. பேராலயத்தின் அருகில், அவர் பிறந்த இல்லம் இருந்ததாகக் கருதப்படும் இடத்திற் கோயில் இருக்கின்றது. திருநீற்று நெற்றியுடன் அன்னையார் உள்ளே சென்று, மெழுகுதிரி ஏற்றி, கைகூப்பி நின்றார். அயலவரின் நேர்த்தியைத் தம் நேர்த்தியாகக் கொண்டு அதனைச் செய்து முடித்தபோது அவர் முகத்தில் ஒரு நிறைவு தோன்றிற்று.

ஆயின் பெலேம் என்னுமிடத்து ஆற்றங்கரையில் அவர் முகம் மாறிற்று. ஆங்கே 1960 இற் கல்லில் எழுப்பிய நினைவுச் சின்னம் கப்பலின் முன்பகுதி போல் உயர்ந்து நிற்கின்றது. வாஸ்கோ ட காமா முதலிய கடலோடிகளின் உருவங்களுடன் சவேரியாரின் உருவமும் அதில் உண்டு. அவர் 1541 இல் இந்நகரிலிருந்தே கீழ்த்திசைக்குக் கப்பலேறினார். அவர் அனுப்பிய குருவினால் மன்னாரிற் பலர் மதம் மாறியதையும், 1544 இற் சங்கிலி மன்னன் அவர்களைக் கொல்வித்ததையும் நாம் பள்ளியிற் படித்திருக்கின்றோம். போர்த்துக்கேயர் திருக்கேதீச்சரத்தை இடித்ததையும் படித்திருக்கின்றோம். சம்பந்தரும் சுந்தரரும் பாடிய அத்தலம் மண்ணுள் மறைந்து கிடக்க, 1872 இல் ஆறுமுக நாவலர் அதனை மீட்டெடுக்குமாறு சைவ மக்களைக் கூவி அழைத்தமை நம்மவர் அறிந்ததே. இக்கதையில் இரு பக்கத்திலும் குருதி உண்டு. ஆற்றங்கரைக் கல்லில் அதற்கு இடமில்லை.

சின்னத்தின் முன் தரையில் உலகப் படத்தைப் பலநிறக் கற்களாற் பதித்திருக்கின்றனர். பயணிகள் அதன்மேல் நடந்து தத்தம் நாட்டில் நின்று படம் எடுக்கின்றனர். இலங்கை ஓர் உள்ளங்கை அளவுதான். மன்னார்த் தீவு அதில் ஒரு கல்லுக்கும் போதாது. அன்னையார் குனிந்து அதனைத் தேடினார். பின் காலை அகற்றி வைத்து, மிதியாமற் சுற்றிக்கொண்டு அப்பால் நடந்தார். எவரும் அதனைக் கவனிக்கவில்லை.

மூன்றாம் நாள் புனித ஜோர்ஜியார் கோட்டைக்கு ஏறினோம். அக்கோட்டையில் ஒரு கோபுரம் இருந்தது. அரசின் ஏடுகளை அதில் வைத்திருந்தமையால் அதற்குத் தோம்புக் கோபுரம் என்று பெயர். 1755 ஆம் ஆண்டு நவம்பர் முதல் நாள் நிகழ்ந்த பெரு நிலநடுக்கத்தில் நகரின் பெரும்பகுதி அழிந்தது, கோபுரமும் வீழ்ந்தது. இடிபாட்டினின்று ஏடுகளை எடுத்துக் காத்தனர். 1990 முதல் அவை புதியதொரு பெருமாளிகையில் இருக்கின்றன. கோபுரம் போய் இரண்டு நூற்றாண்டுக்கு மேலாயிற்று. சுவடிக்கூடத்துக்கு இன்றும் தோம்புக் கோபுரம் என்பதே பெயர்.

தோம்பு என்னும் சொல் நமக்குப் புதிதன்று. நம் பழைய காணி உறுதிகளில் அது வரும். எவருடைய காணி, எவ்வளவு, எவ்வளவு இறை என்று போர்த்துக்கேயர் எழுதிய பதிவேட்டுக்குத் தோம்பு என்று பெயர். ஒல்லாந்தரும் அப்பெயரையும் வழக்கத்தையும் தொடர்ந்தனர். வரி தண்டுவதற்காக எழுதியதேயன்றி நமக்கு நன்மை செய்வதற்காக எழுதியதன்று. எனினும் எழுதினர், எழுதியதைக் காத்தனர். கோட்டைச் சுவரிற் சாய்ந்திருந்த அன்னையாரிடம் இதனைக் கூறியபோது, நெடுநேரம் ஒன்றும் பேசவில்லை. பின் தம் தகரப் பெட்டியைப் பற்றி முதன்முறையாக எம்மிடம் விரிவாகக் கூறினார். பெட்டி எந்நிறம், எவர் கையிலிருந்து நழுவிற்று, அது நீரில் வீழ்ந்த ஓசை எத்தகையது என்பவற்றையெல்லாம் முப்பத்துநான்கு ஆண்டுகளாக அவர் நெஞ்சில் வைத்திருந்தார்.

லிஸ்பனை விட்டு நீங்குமுன் மாணவர்க்குப் பயன்படும் செய்தியொன்று கூறவேண்டும். தமிழ்மொழி முதன்முதல் அச்சேறியது இந்நகரிலேதான். 1554 இல், தமிழ்ச் சொற்களை உரோம எழுத்தில் அமைத்து, போர்த்துக்கேய மொழியுடன் சேர்த்துச் சிறு சமய நூலொன்றை ஈண்டு அச்சிட்டனர். நான்கு நூற்றாண்டுக்குப் பின், ஊர்காவற்றுறையைச் சார்ந்த கரம்பொனிற் பிறந்த தனிநாயக அடிகளார் மேலை நூலகங்களைத் துருவி, இத்தகைய பழைய அச்சு நூல்களைத் தமிழுலகின் கவனத்துக்குக் கொணர்ந்தார். அவரும் ஒரு பயணியே. எந்நகருக்குச் சென்றாலும், நம்முடையது இங்கே என்ன இருக்கின்றது என்று வினவியவர் அவர்.

ஐந்தாம் நாள் அம்ஸ்ரடாம் வந்திறங்கினோம். விமான நிலையம் கடல் மட்டத்துக்குத் தாழ்ந்த நிலத்தில் இருக்கின்றது என்றதும் அன்னையார் காலைத் தரையில் அழுத்திப் பார்த்தார். அந்நாட்டில் ஏறத்தாழ நான்கிலொரு பங்கு நிலம் அத்தகையது. அம்ஸ்ரடாம் நகரமே சேற்றில் இறக்கிய மரத்தூண்களின்மேல் நிற்பது. அரச மாளிகையொன்றைத் தாங்குவதற்கு மட்டும் 13,659 மரங்களை இறக்கினராம். “அவ்வளவும் பனையாயிருந்தால் எங்கட தீவு மொட்டையாப் போயிருக்கும்” என்றார் அன்னையார்.

மறுநாள் ஹேக் நகரில், மொரிட்சு மாளிகை என்னும் ஓவியக்கூடத்தில் வெர்மியர் தீட்டிய டெல்பு நகர்க் காட்சியைக் கண்டோம். நீர்நிலை, அதன் அப்பாற் செங்கல் நகரம், மேலே பெரிய வானம், இவ்வளவே. அன்னையார் ஓவியம் பார்த்துப் பழகியவரல்லர். ஆயினும் அதன்முன் அமர்ந்து, “மழை பெய்து விட்டிருக்குது” என்றார். அவ்வோவியம் 1660ஐ அடுத்த காலத்தது. அதே டெல்பு நகரிற் பிறந்த பால்தேயுஸ் பாதிரியார் அக்காலத்தில் யாழ்ப்பாணத்தில் இருந்தார். 1658 இல் ஒல்லாந்தப் படையுடன் வந்தவர் அவர். தாம் கண்டவற்றை எழுதினார். 1672 இல் அம்ஸ்ரடாமில் அது பெருநூலாக வெளிவந்தது. தமிழ் எழுத்துகளும் அதில் உண்டு, மன்னாரும் உண்டு. தம் ஊரின் வானத்தை ஒருவர் வரைந்துகொண்டிருக்க, அவ்வூரவர் மற்றொருவர் நம் ஊரைப் பற்றி எழுதிக்கொண்டிருந்தார். அக்காலத்தில் நம்மவர் எவரேனும் டெல்பு நகரைக் கண்டு எழுதியிருப்பின் எத்துணைச் சுவையாக இருந்திருக்கும் என்று எண்ணினோம்.

அந்நகரின் நடுப் புகைவண்டி நிலையத்தின் அருகிலேயே தேசிய சுவடிக்கூடம் இருக்கின்றது. ஒல்லாந்தரின் கிழக்கிந்தியக் கம்பனி எழுதிய ஏடுகள், அடுக்கி வைத்த வரிசையில் ஒரு கிலோமீற்றருக்கு மேல் நீள்கின்றன. 2003 இல் யுனெஸ்கோ அவற்றை உலக நினைவுப் பதிவேட்டிற் சேர்த்தது. இலங்கையிலிருந்து ஆண்ட ஒல்லாந்தரின் அலுவலக ஏடுகள் கொழும்பிலுள்ள நம் தேசிய சுவடிக்கூடத்தில் இருக்கின்றன. ஆதலின் இவற்றைத் தேட நம் மாணவர் கடல் கடக்க வேண்டிய கட்டாயமும் இல்லை.

ஈண்டு அன்னையார்க்குத் தேசவழமையைப் பற்றிக் கூறினோம். 1707 இல், ஒல்லாந்த ஆளுநர் சிமொன்சு என்பாரின் ஏவலின்படி, நெடுங்காலம் யாழ்ப்பாணத்தில் இருந்த கிளாஸ் ஐசாக்சு என்னும் அலுவலர் நம்மவரின் வழமைகளைத் தொகுத்தெழுதினார். முதலியார் பன்னிருவர் அதனைப் பார்வையிட்டுச் சரியென ஒப்பினர். முதுசம், சீதனம், தேடியதேட்டம் என்னும் பகுப்பெல்லாம் அவ்வாறே எழுத்தில் நிலைத்தன. சீதனம் பெண்ணுக்குரியது என்பது அவ்வேட்டுக்கு முன்னும் நம்மிடையே வழங்கியதே. அன்னையார் கேட்டார்:

“அப்ப என்ரை காணி என்ரைதான் எண்டு இஞ்சையும் எழுதிக் கிடக்குதோ?”

உங்கள் காணியைப் பற்றி அன்று, சீதனக் காணியைப் பற்றி என்றோம்.

“அது போதும்” என்றார்.

எட்டாம் நாள் ரொட்டடாம் நகருக்கு அணித்தாகிய கிண்டர்டைக்கு என்னுமிடத்துக் காற்றாலைகளைக் கண்டோம். 1740ஐ ஒட்டிக் கட்டிய பத்தொன்பது ஆலைகள் கால்வாய்க் கரைகளில் நிற்கின்றன. தாழ்நிலத்தில் தேங்கும் நீரை இறைத்து ஆற்றுக்கு ஏற்றுவதே அவற்றின் தொழில். ஆலைக்காரர் குடும்பம் ஆலைக்குள்ளேயே வாழ்ந்தது. அன்னையார்க்குத் தம் ஊர் நினைவு வந்தது. மன்னார்த் தீவின் தென்கரையில் 2020 இல் முப்பது காற்றாலைகளை நிறுவினர். அவற்றின் மின்சாரம் நாடெங்கும் செல்கின்றது. அது வேண்டியதே. ஆயினும் ஆலையைச் சுற்றி வாழ்வோர்க்கும் அதற்கும் உள்ள உறவு யாது என்பதே அவர் வினா. இங்கே காற்றாலை ஊரைக் காப்பதற்கு எழுந்தது. ஊரார் அதனுள் உறங்கினர். எங்கள் ஊரிலும் அவ்வாறு ஊராரைக் கேட்டுச் செய்தாலென்ன என்றார். 2025 இல் மன்னார் மக்கள் காற்றாலை விரிவாக்கத்தையும் கனிய மணல் அகழ்வையும் எதிர்த்து வீதிக்கு வந்த செய்தியைப் படித்தபோது, அக்கால்வாய்க் கரையில் அவர் கேட்டதே எம் நினைவுக்கு வந்தது.

அன்று பிற்பகலே கடல்வாயிலிலுள்ள பெருங்கதவைக் காணச் சென்றோம். அதன் வரலாற்றைக் கூறவேண்டும். 1953 ஆம் ஆண்டு ஜனவரி 31 ஆந் திகதி இரவு, புயலும் பெருநீர் ஏற்றமும் ஒன்றுகூடி அந்நாட்டின் தென்மேற்கில் அணைகளை உடைத்தன. 1,836 பேர் மாண்டனர். அதன்பின் அரசும் மக்களும் பல பத்தாண்டுகள் உழைத்துத் தடுப்பணைகள் பலவற்றைக் கட்டினர். அவற்றுள் ஒன்றே 1997 இல் முடிந்த இக்கதவு. ஆற்றின் இரு கரைகளிலும் கிடக்கும் இரு கதவுகளில் ஒவ்வொன்றும் 210 மீற்றர் நீளமுடையது. கடல் அளவு மீறி எழும்போது இரண்டும் மிதந்து வந்து ஆற்றின் நடுவிற் கூடி, நீரில் அமிழ்ந்து, வழியை மூடுகின்றன. 2007 இலும் 2023 டிசெம்பரிலும் கடற்கொந்தளிப்பின்போது மூடிக் காத்திருக்கின்றன.

அன்னையார் அக்கதவுகளை நெடுநேரம் பார்த்தார். தமக்குப் பதினாறு வயதாயிருந்தபோது, 1964 டிசெம்பர் 22 ஆந் திகதி இரவு வந்த புயலைப் பற்றிப் பேசத் தொடங்கினார். அவ்விரவில் அக்கரையில் தனுஷ்கோடி அழிந்தது. பயணிகளுடன் ஒரு புகைவண்டியே கடலுக்கு இரையாயிற்று. இக்கரையில் எம்மூரிலும் கடல் வீட்டு முற்றத்துக்கு வந்தது. பாட்டனார் பிள்ளைகளைத் தென்னையோடு சேர்த்துக் கட்டிவைத்தார். விடிந்தபின் கருவாட்டுப் பரண் இருந்த இடத்தில் மணல்மேடு இருந்தது. 1914 முதல் தலைமன்னாரையும் தனுஷ்கோடியையும் இணைத்த கப்பற்பாதை அவ்விரவோடு முடிந்தது. பின்னர் இராமேசுவரத்துக்குக் கப்பல் ஓடிற்று. போர் அதனையும் நிறுத்திற்று. தனுஷ்கோடி வாழத் தகாத இடம் என்று அறிவித்துவிட்டனர்.

“இவை அந்த இரவுக்குப் பிறகு கதவு செய்திருக்கினம். நாங்கள் ஊரை விட்டிட்டம்” என்றார்.

செல்வமுடைய நாடு, செய்ய முடிந்தது என்றோம். ஆம் என்றார். சற்றுப் பொறுத்து, செல்வம் இல்லாதவர் செய்யக்கூடியதும் ஒன்று இருக்குமே என்றார். அதன்பின் அன்று அவர் பேசவில்லை.

ஒன்பதாம் நாள் புகைவண்டியில் ஜேர்மனிக்குத் திரும்பினோம். எல்லை கடந்த இடம் தெரியவில்லை; சோதனைச் சாவடியும் இல்லை. சாவடிகளிலே பாதி வாழ்வைக் கழித்த அன்னையார், எங்கே எல்லை, எங்கே எல்லை என்று யன்னலூடே தேடிக்கொண்டிருந்தார். பின் எம் பக்கம் திரும்பித் தம் முடிவைக் கூறினார். காணியை விற்பதில்லை. தமக்குப்பின் பிள்ளைகள் விரும்பியவாறு செய்யலாம். தாம் உள்ளவரை அது கிடக்கட்டும். பதிவகத்தில் உறுதியின் படியை எடுத்துத் தரவேண்டும். இவ்வளவே. அவர் குரலிற் கோபமுமில்லை, வருத்தமுமில்லை.

தம்பியும் தங்கையும் மகிழ்ந்தனர் என்று கூறமாட்டோம். அவர்களுக்குப் பணமுடை உண்டு, அதுவும் மெய்யே. சில திங்கள்வரை தொலைபேசியிற் பேச்சுக் குறைந்திருந்தது. ஆயினும் அன்னையார் ஊர் சென்ற ஆண்டே, ஆவணியில் விழுந்த பனம்பழங்களின் கொட்டைகளைச் சேர்த்து, மாரிக்கு முன்னர்க் கரையோரமாக இரண்டு வரிசை ஊன்றுவித்தார். 2025 இல் யாம் ஊருக்குச் சென்றபோது சில முளைத்திருந்தன, சிலவற்றை ஆடு கடித்திருந்தது. பனை வளர்ந்து வேர் மண்ணைப் பற்ற எத்தனை ஆண்டாகும் என்பது அவருக்குத் தெரியும். அதனைத் தாம் காணப்போவதில்லை என்பதும் தெரியும். பதிவகத்திற் பெற்ற உறுதியின் படியைப் படித்துக் காட்டினோம். ஓர் எல்லை கடற்கரை என்றிருந்தது. “அதுதான் நகருது” என்று கூறிச் சிரித்தார். இப்பொழுது அப்படி மூன்று ஊர்களில் மூன்று பிள்ளைகளிடமும் இருக்கின்றது. தங்கையே கேட்டு வாங்கிக்கொண்டார்.

பழைய மாணவ அன்பர்காள்! உங்கள் தாய் தந்தையர் நடக்கக்கூடியவராய் இருக்கும்போதே அவர்களை அழைத்துச் செல்லுங்கள். மேலை நகர்தான் வேண்டுமென்பதில்லை. அனுராதபுரமாயினும் தஞ்சாவூராயினும் ஆகுக. கொழும்புச் சுவடிக்கூடத்தின் வாயிலாயினும் ஆகுக. வழிகாட்டி நூலைப் பையில் வைத்துவிட்டு, அவர்கள் எங்கே நிற்கின்றார்களோ அங்கே நில்லுங்கள். நாம் கோபுரத்தைப் பார்க்குமிடத்து அவர்கள் கருவாட்டைப் பார்ப்பர். நாம் படம் எடுக்குமிடத்து அவர்கள் காலை அகற்றி வைப்பர். வீட்டில் ஆண்டுக்கணக்கிற் கேட்டும் வெளிவராத செய்தி, அயலூர்க் கோட்டைச் சுவரிற் சாய்ந்திருக்கும்போது தானே வெளிவரும்.

மாணவர்க்கும் ஒரு வேண்டுகோள். உங்கள் வீட்டில் உறுதி இருக்குமாயின் அதனை ஒருமுறை எடுத்துப் படியுங்கள். அதிலுள்ள காணிப் பெயரும் எல்லையும் பாட்டன் பாட்டியர் பெயரும் உங்கள் வரலாற்றுப் பாடத்தின் முதற் பக்கம். இல்லாத வீடுகளும் பலவுண்டு என்பதை அறிவோம். அவ்வீடுகளில், நினைவுள்ள முதியோரிடம் கேட்டு ஒரு கொப்பியில் எழுதி வையுங்கள். நம்மை ஆண்டவர்கள் வரிக்காக எழுதினர். நாம் நம் பிள்ளைகளுக்காக எழுதலாம். எழுதிய கொப்பியின் படியொன்றை நம் கல்லூரி நூலகத்திற் சேர்ப்பீர்களாயின், விழாக் காலத்தில் அன்னைக் கல்லூரிக்குச் செய்யும் நற்பணியாகவும் அது அமையும்.